விலகாதோருக்கான பிரியாவிடைத் திட்டம்

ஒரு தொழிலகத்துக்கு இன்றியமையாதவை நான்கு என்பது நமசிவாயம் அவர்களின் தீர்மானம். ஒரு பெயர்ப்பலகை, ஒரு மேசை, மேசைமேல் ஒரு மணி, கிழமைக்கு ஒரு சுற்றுநிருபம். இவை ஒழுங்காக அமைந்துவிட்டால் பொருள் தானாக உற்பத்தியாகிவிடும். முப்பத்தைந்து வருடம் அரச கந்தோரில் கோப்புகளோடு குப்பை கொட்டி, அதில் கடைசிப் பத்து வருடம் பிரதம இலிகிதராகவும் இருந்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

ஆகவே தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு, யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் தமது வீட்டு மாட்டுக்கொட்டிலில் ‘கருமுத்துப் பற்பொடித் தொழிலகம்’ என்ற பலகையை அவர் மாட்டியபோது, பற்பொடி எப்படிச் செய்வது என்ற சிறு விபரம் மட்டுமே பாக்கியாக இருந்தது. அதை அவருடைய மனைவி ஞானாம்பிகை சொன்னார். உமியைக் கரியாக்கி, இடித்து, அரித்து, உப்பும் கராம்புத் தூளும் கலந்தால் முடிந்தது காரியம். அவருடைய தாய்வீட்டில் எல்லாரும் அதைத் தேய்த்துத்தான் பல்லோடு இருந்தார்கள்.

பற்பசை ஊருக்குள் வராத காலம் அது. சண்டைக்காலத் தடையால் கொழும்பிலிருந்து வரக்கூடாத பொருட்கள் என்று ஒரு நீளமான வரிசையே இருந்தது. பழைய பசைக்குழாய் ஒன்றை மிச்சம் வைத்திருந்தவர்கள் விருந்தாளி வந்தால் அதை ஒளித்துவைத்தார்கள். உமி மட்டும் ஊர் நெல் ஆலைகளின் கொல்லைகளில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. தடைசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத ஒரே மூலப்பொருள் அதுதான்.

கொட்டிலில் நின்ற சிவப்பி என்ற பசு மாமரத்தின் கீழ் இடமாற்றம் செய்யப்பட்டது. ஞானாம்பிகை அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

“மாரி துவங்க முன்னம் உங்கடை பற்பொடி ஓடாட்டில், பலகையைக் கழட்டிப்போட்டு மாட்டைக் கட்டுவன். பிறகு என்னோடை கதைக்கக்கூடாது.”

நமசிவாயம் சம்மதித்தார். பலகை கழன்றால் தாமும் விறாந்தைக் கதிரையில் போய் விழவேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நாள் முதலாக அதைத்தான் செய்துபார்த்து, அது தமக்குச் சரிவராது என்று கண்டிருந்தார். மனுஷனுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாம் வரும்போது எழுந்து நிற்க நாலு பேர் வேண்டும்.

அவர் ஓய்வுபெற்ற கதையையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அவருக்கு அறுபது வயது நிறைந்தது தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், சண்டை திரும்பத் தொடங்கிய அதே கிழமையில். கந்தோர் ஊழியர்கள் பெரிய பிரியாவிடை ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. வாழ்த்துப்பா அச்சகத்தில் பாதி எழுத்துக் கோத்தபடி இருந்தது. அன்றைக்குப் பார்த்து ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. கந்தோர் பூட்டு, அச்சகம் பூட்டு. நமசிவாயம் சோற்றுக் கரியரையும், தாம் முன்பு கழிவுப்பொருள் ஏலத்தில் எடுத்த மேசைமணியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் விலகியதைக் காவலாளிகூடக் கவனிக்கவில்லை. காவலாளி அவருக்கு முன்பே விலகியிருந்தார். இதைப் பற்றி நமசிவாயம் யாரிடமும் குறை சொன்னதில்லை. ஆனால் மாலைக்காரரின் கடையைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதிப்பார். பாவம் மனுஷன், உள்ளுக்குள் அது ஆறவே இல்லை.

தொழிலகத்தில் உமி எரிப்பவராக மரியரட்ணம் நியமனம் பெற்றார். குருநகர் மீனவர், சண்டையால் கடலுக்குப் போக வழியில்லாமல் போனதால் கரையில் என்ன வேலை கிடைத்தாலும் செய்யத் தயாராக இருந்தார். பொதி கட்ட அதே குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த லூர்த்தம்மா. அரிதட்டுப் பிடிக்க அயலூர் நாகலிங்கம், நாளுக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசாதவர். இடிக்க இரண்டு பெண்கள். ஆக ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரு பிரதம நிறைவேற்று அதிகாரி.

நிர்வாகம் முதல் நாளே தொடங்கிவிட்டது. நமசிவாயம் மணியை அடிப்பார். ஐந்து பேரும் கரிக்கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். “ஒன்றுமில்லை. மணி கேட்கிறதோ எண்டு பாத்தனான். போகலாம்” என்பார். மூன்றாவது சுற்றுநிருபம் தும்மல் பற்றியது. அரித்த தூளை நோக்கித் தும்ம நேரிடும் ஊழியர், தும்மல் வருவதற்கு முன்னதாகவே அதனைத் தலைமைப்பீடத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்று அது பணித்தது. கரித்தூளுக்குள் நிற்பவருக்குத் தும்மல் வராமல் என்ன வரும். மரியரட்ணம் அறிவிக்காமல் தும்மி, அதற்கு எழுத்தில் விளக்கம் கோரப்பட்டார்.

இத்தனைக்கும் தூள் நன்றாக இருந்தது. பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றிய கருமுத்துப் பொட்டலங்கள் கடைகளில் நின்றபாட்டில் விற்றன. ஒரு பொட்டலத்தில் பிழை போட்ட கணக்கு இருந்ததாகவும் வாங்கியவர் பல் தீட்டிவிட்டு அதைத் திருத்தியதாகவும் கேள்வி. ஆனால் தூள் நன்றாக இருக்கிறது என்று தொழிலகத்துக்குள் எவரும் கேள்விப்படவில்லை. சேவையில் உள்ள ஊழியரைப் புகழக்கூடாது என்பது நமசிவாயத்தின் முப்பத்தைந்து வருடக் கொள்கை. புகழ்ந்தால் தலைக்கனம் வரும், தலைக்கனம் வந்தால் சம்பள உயர்வு கேட்பான். விலகிப் போகிறவனைப் புகழலாம். அவனால் இனி ஆபத்தில்லை.

அந்த வாய்ப்புப் பங்குனியில் வந்தது. மச்சானின் சைக்கிள் கடையில் உதவிக்கு நிற்கப்போவதாக மரியரட்ணம் வந்து சொன்னார். நமசிவாயம் ஒரு கணம் முகம் கறுத்தார், மறுகணம் முகம் மலர்ந்தார். அவர் கண்ணுக்கு முன்னால் மாலை தெரிந்தது, மேளம் கேட்டது. தமக்குக் கிடைக்காத பிரியாவிடை தமது ஊழியர் எவருக்கும் கிடைக்காமல் போகக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

அளவெட்டியிலிருந்து நாதஸ்வரக் கோஷ்டி மூன்று சைக்கிளில் வந்தது, தவில் தனிச் சைக்கிளில். பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஊரில், அன்றைய தேத்தண்ணிக்குச் சீனி போடப்பட்டது. பண்டிதர் பொன்னம்பலம் வாழ்த்துப்பா பாடினார். பண்டிதர் பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்றபின் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றுக்கும் ஊருக்குப் பாட்டெழுதிக் கொடுப்பவர். கடைசியில் கமராக்காரர் எல்லாரையும் அசையாமல் நிற்கச்சொல்லிக் குழுப்படம் எடுத்தார். படச்சுருள் ஊரில் கிடையாது, கமராவுக்குள் ஒன்றுமில்லை. அது எல்லாருக்கும் தெரியும். என்றாலும் படம் எடுக்காமல் ஒரு பிரியாவிடை நடத்தமுடியுமா, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நமசிவாயம் பேசினார். மரியரட்ணத்தைப் போல் உமியை வெந்தும் வேகாமலும் பதமாக எரிக்க இந்தத் தீபகற்பத்தில் ஆளில்லை என்றார். அவர் ஒரு நாள் பிந்தியதில்லை என்றார். அவரில்லாத தொழிலகத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்றார். மரியரட்ணம் கழுத்து நிறைந்த மாலையோடு தேம்பித் தேம்பி அழுதார்.

“இது தெரிஞ்சிருந்தால் நான் போகவே மாட்டன் ஐயா” என்றார் அவர்.

கூட்டம் அதை அவையடக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் அரிதட்டோடு நின்ற நாகலிங்கமும் இடிக்கிற பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்திரையில் இடிக்கிற பெண்களில் ஒருவர் விலகினார். பிரியாவிடை நடந்தது. வைகாசியில் மற்றவர் விலகினார். புதிதாக வந்த உமி எரிப்பவர் வேலையைப் பழக முன்பே விலகினார். அவரையும் தொழிலகத்தின் தூண் என்றுதான் நமசிவாயம் வர்ணித்தார். தூண்கள் இப்படி மாதத்துக்கொன்றாகக் கழன்றுகொண்டிருக்கையில், பெரிய விஷயம் ஒன்று வந்துசேர்ந்தது. அயலில் இருந்த கூட்டுறவுச் சங்கம் ஒன்று, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் சனத்துக்கு விற்கவென்று மூட்டைக்கணக்கில் கருமுத்து கேட்டது. கொடியேற்றத்துக்கு முன் கொடுத்தால் வருடம் முழுவதும் தங்கள் கடைகள் எல்லாவற்றிலும் அதையே வைப்பதாகவும் சொன்னது. இது கைகூடினால் தொழிலகம் பிழைத்தது. தவறினால் பலகை கழலும், சிவப்பி உள்ளே வரும். ஞானாம்பிகை அன்றே கயிற்றை எடுத்துப் பார்த்து வைத்தார்.

ஆட்கள் நின்றால் அல்லவா மூட்டை நிரம்பும். நமசிவாயம் ஊழியர் விலகல் பற்றிய விசாரணைக் குழு ஒன்றை நியமித்தார். தலைவர் அவர். உறுப்பினர் பண்டிதர். விலகாமல் மீந்திருந்த இருவரும் சாட்சிகள். நாகலிங்கத்தை விசாரித்தபோது அவர் தமது அன்றைய நாலு சொல்லையும் ஏற்கெனவே செலவழித்திருந்தார். லூர்த்தம்மாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மீன் சந்தையில் கூவிப் பழகிய குரல் அவருக்கு.

“ஐயா, இஞ்சை மணியடிச்சால் ஓடிவரவேணும், தும்மினால் காயிதம் வரும். நாங்கள் செய்யிறது சரியோ பிழையோ எண்டு ஒரு குஞ்சும் சொல்லாது. போறன் எண்டு சொன்னால் மட்டும் மாலை, மேளம், சீனித் தேத்தண்ணி. பேந்து ஆர் நிப்பினம்?”

பண்டிதர் தலையை ஆட்டினார். நமசிவாயம் கண்ணை மூடிச் சிந்தித்தார். இந்தச் சாட்சியத்திலிருந்து எந்தச் சாதாரண மனிதனும் மணியைக் குறைக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்திருப்பான். பிரதம இலிகிதர் சாதாரண மனிதர் அல்ல.

“ஆக, ஊழியர் விரும்புவது பிரியாவிடை. அதுக்காகத்தான் விலகுகிறார்கள். அப்படியெண்டால் விலகாமலே பிரியாவிடையைக் குடுத்துவிட்டால் விலகவேண்டிய தேவையே இல்லை” என்றார்.

தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாகப் பண்டிதருக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒவ்வொரு பிரியாவிடைக்கும் ஒரு பாட்டு. இப்படியாக ‘விலகாதோருக்கான பிரியாவிடைத் திட்டம்’ உடனடி நடவடிக்கைக்காகப் பிரகடனம் செய்யப்பட்டது.

முதற் பயனாளி நாகலிங்கம். வெள்ளிக்கிழமை பின்னேரம் குறைவில்லாமல் எல்லாம் நடந்தது. அவருடைய மனைவியும் அயல் சனமும் வந்திருந்தார்கள். நாகலிங்கத்தின் அரிதட்டில் விழுந்த தூள் தாழம்பூ மகரந்தத்துக்கு நிகர் என்று பண்டிதர் பாடினார். மேளம் முன்னே போக, ஊர்ச் சனம் பின்னே போக, மாலையோடு அவரை வீட்டுவாசல் மட்டும் கொண்டுபோய் விட்டார்கள். திங்கட்கிழமை மணியடித்தது. நாகலிங்கம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

நமசிவாயம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாகலிங்கம் தமது வளவில் விறகு கொத்திக்கொண்டிருந்தார்.

“என்ன நாகலிங்கம், நீர் விலகேல்லையே. பிரியாவிடை மட்டும்தானே தந்தது. வேலைக்கு வாரும்” என்றார் நமசிவாயம்.

நாகலிங்கம் கோடரியைக் கீழே வைத்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

“எப்பிடி ஐயா வாறது? மாலை போட்டு, மேளம் அடிச்சு, ஊரறிய வழியனுப்பியாச்சு. திரும்பி வந்து நிண்டால் சனம் என்ன கதைக்கும்? போன இடத்திலை ஏற்கேல்லையாம் எண்டுதானே சொல்லுவினம். என்ரை மனிசி கிணத்தடிக்குப் போகேலாமல் கிடக்கு, எந்தக் கந்தோரிலை எடுபட்டவர் எண்டு கேக்கினம். வர விருப்பம்தான் ஐயா. வரேலாது.”

நமசிவாயத்துக்கு அது நியாயமாகப் பட்டது. அவரும் அதே ஊர்தானே. சபையில் வழியனுப்பப்பட்டவன் சும்மா திரும்பி வரமுடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்த சிக்கலுக்குத் தெரிந்த நிவாரணம் ஒன்று இருந்தது. முறைப்படி அனுப்பப்பட்டவனை முறைப்படி அழைத்துவிட்டால் போயிற்று. அடுத்த புதன்கிழமை நாகலிங்கத்துக்கு மீள்வரவேற்பு விழா நடந்தது. அதே கோஷ்டி, அதே மாலைக்காரர். வாழ்த்துப்பாவில் ‘செல்க’ என்றிருந்த இடமெல்லாம் ‘வருக’ என்று மாற்றப்பட்டது. நாகலிங்கம் கூச்சத்தோடு அரிதட்டைக் கையில் எடுத்தார்.

அன்று தொட்டுத் திட்டம் சக்கரமாய்ச் சுழன்றது. ஒரு கிழமை ஒருவருக்குப் பிரியாவிடை, மறுகிழமை அவருக்கே மீள்வரவேற்பு, இடையில் அடுத்தவருக்குப் பிரியாவிடை. புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்த அன்றே தங்கள் முறை எப்போது என்று கேட்டார்கள். தோரணம் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரு முழுநேர வேலையாயிற்று. நாதஸ்வரக் கோஷ்டி ஒரு விழாவும் தவறாமல் வந்ததால் அவர்களுடைய வரவையும் பதியும்படி நமசிவாயம் பணித்தார். மாதக் கடைசியில் பார்த்தால் ஒழுங்காகச் சமூகமளித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பண்டிதருக்கும் சரக்குத் தீர்ந்துபோனது. லூர்த்தம்மாவின் முறை வந்தபோது, இறந்த யாரோ ஒருவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு எழுதிய ‘கல்வெட்டு’ என்னும் இரங்கற்பாவிலிருந்து எடுத்து, பேரை மட்டும் மாற்றிக் கம்பீரமாகப் பாடினார்.

“பூவுலகை விட்டுநீர் போனீர் லூர்த்தம்மா, யாம்
சாவளவும் தீரோம் துயர்.”

“ஐயோ பண்டிதர், நான் இன்னும் சாகேல்லை” என்றார் லூர்த்தம்மா கழுத்து மாலையைத் தூக்கிப் பிடித்தபடி.

பண்டிதர் அசரவில்லை. “செத்தால் என்ன, விலகினால் என்ன, நிறுவனத்துக்கு ரெண்டும் இழப்புத்தானே. யாப்பிலை பிழை இருந்தால் சொல்லும்” என்றார். கூட்டம் கைதட்டியது.

கொடியேற்றம் நெருங்கியபோது கொட்டிலில் நிரம்பியிருந்தவை இரண்டே மூட்டை. நமசிவாயத்துக்கு உறக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. பலகையைப் பார்ப்பார், பிறகு மாமரத்தடியில் அசைபோடும் சிவப்பியைப் பார்ப்பார். திட்டத்தை எங்கே மேலும் விரிவாக்கலாம் என்று யோசிப்பார். அவருடைய கவலை உண்மையானது, அதில் பகிடி ஒன்றுமில்லை. இந்தக் கதிரையும் போனால் தாம் யார் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.

லூர்த்தம்மா தண்ணீர் குடிக்கிற சாட்டில் அடுப்படிக்குப் போய் ஞானாம்பிகையிடம் நடப்பதையெல்லாம் கொட்டினார். ஞானாம்பிகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கந்தோர் பூட்டிய அந்த ஆனி மாதத்துக் கதையைச் சொன்னார். பாதி கோத்த வாழ்த்துப்பா, வாங்காத மாலை, சைக்கிளில் கட்டிவந்த மணி.

“அந்த மனுசனுக்கு ஒருதரும் ஒரு பூக்கூடப் போடேல்லை. அதுதான் கண்ட கண்ட ஆளுக்கெல்லாம் போட்டுக்கொண்டு திரியுது” என்றார்.

லூர்த்தம்மா செம்பைக் கவிழ்த்து வைத்தார். “ஆரை அனுப்பவேணும் எண்டு இப்ப விளங்குது அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பட்டியலின்படி ஒரு மீள்வரவேற்பு இருந்தது. நமசிவாயம் சால்வையைச் சரிசெய்துகொண்டு தலைமை தாங்கப் போனார். அவரை வழக்கமான தலைவர் கதிரையில் விடாமல், மாலைக்குரியவரின் கதிரையில் இருத்தினார்கள். பிழையான கதிரை என்று அவர் சொல்லச் சொல்ல, மாலை கழுத்தில் விழுந்தது. விலகிப்போன அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மரியரட்ணம் கிறீஸ் கையோடு சைக்கிள் கடையிலிருந்து ஓடிவந்திருந்தார். முதலில் பேசியவரும் அவர்தான்.

“ஐயா எனக்கு விளக்கம் கேட்டு அனுப்பின காயிதம் எல்லாம் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன். ஏனெண்டால் என்ரை பேருக்கு முன்னாலை ‘திரு’ எண்டு போட்டு எழுதின முதல் ஆள் ஐயாதான். கடலிலை இருந்த காலத்திலை ஒருதரும் அப்பிடி எழுதினதில்லை.”

இடிக்கிற பெண்கள், ஐயா ஒரு நாளும் சம்பளத்தைப் பிந்திக் கொடுத்ததில்லை என்றார்கள். நாகலிங்கம் எழுந்து, “நல்ல மனுசன்” என்றுவிட்டு உட்கார்ந்தார். பண்டிதர் பழைய சரக்கைத் தொடாமல் புதிதாகவே பாடினார். சுருள் இல்லாத கமராவுக்கு முன்னால் நமசிவாயம் வாழ்நாளில் முதற்தடவையாக நடுவில் நின்றார். மூன்று வருடமாக அடக்கிவைத்த கண்ணீர் சால்வை முழுவதையும் நனைத்தது. பிறகு மேளம் முன்னே போக, அவரைக் கொட்டில் வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் விட்டார்கள். தூரம் என்னவோ கோழி பறந்து கடக்கும் தூரம்தான். ஆனாலும் தெருவுக்கு இறங்கி ஒழுங்கையால் சுற்றித்தான் போனார்கள்.

திங்கட்கிழமை காலை நமசிவாயம் குளித்து, திருநீறு பூசி, வழக்கம்போலக் கொட்டிலுக்குப் புறப்பட்டார். படலையடியில் சைக்கிளில் போன அயலவர் ஒருவர் காலூன்றி நின்று, “ஐயா விலகியிட்டியளாம், பெரிய எடுப்பாம், மேளச்சத்தம் எங்களுக்கும் கேட்டது” என்றார். நமசிவாயம் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். மாலை போட்டாயிற்று. சனம் பார்த்தாயிற்று. இப்போது திரும்பிப் போய் நின்றால் ஊர் என்ன கதைக்கும். மீள்வரவேற்பு நடத்தலாம்தான். ஆனால் அதற்கு ஆணையிடும் அதிகாரம் இப்போது அவரிடம் இல்லை. அவர் விறாந்தைக் கதிரைக்குத் திரும்பினார்.

அன்று முழுவதும் கொட்டிலிலிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. மணிச்சத்தம் இல்லை. நடுவில் யாரோ தாராளமாகத் தும்மினார்கள், தொடர்ந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை மேளத்தைத் தமக்கான மீள்வரவேற்பாகவும் கணக்கில் எடுத்துக்கொண்டு மரியரட்ணம் சைக்கிள் கடையை விட்டுத் திரும்பி வந்துவிட்டார். கொடியேற்றத்துக்கு முதல்நாள் மூட்டைகள் வண்டிலில் ஏறின. சிவப்பி மாமரத்தடியிலேயே நின்றது, பலகை தன் இடத்திலேயே இருந்தது. திருவிழா முடியும்வரை ஒருவர்கூட விலகவில்லை.

இந்த அதிசயத்தைக் கேள்விப்பட்டுக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் நேரில் வந்து, ஊழியரை இப்படி நிறுத்தி வைப்பதன் இரகசியம் என்ன என்று விறாந்தையில் கேட்டார். அவருடைய சங்கத்திலும் ஆள் நிற்பதில்லை. நமசிவாயம் கதிரையில் நிமிர்ந்திருந்து, போகவேண்டிய ஆளுக்குத் தக்க மரியாதையோடு பிரியாவிடை கொடுத்தால் மற்ற எல்லாரும் நிற்பார்கள் என்றார். தலைவர் நன்றி சொல்லிவிட்டு, நாதஸ்வரக் கோஷ்டியின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

லூர்த்தம்மா முதலில் அந்த மேசையைப் பொதி கட்டத்தான் பாவித்தார். பிறகு நின்று கட்டினால் இடுப்பு நோகிறது என்று கதிரையில் உட்கார்ந்தார். கதிரையில் உட்கார்ந்தால் மணி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. புரட்டாசியில் ஒரு நாள் நமசிவாயம் விறாந்தையில் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மணி. அதற்கடுத்த கிழமை நாகலிங்கம் நேரம் பிந்தி வந்ததற்கு லூர்த்தம்மா காரணம் கேட்டதாகக் கதை வந்தது. எழுத்தில் அல்ல, மீன் சந்தைக் குரலில். ஐப்பசி பிறக்க நாகலிங்கம் உண்மையாகவே விலகினார்.

அவருடைய இரண்டாவது பிரியாவிடைக்கு நமசிவாயம் பிரதம விருந்தினர். விழாவுக்கென்று அழைத்தால் போகலாம், அதில் சனம் கதைக்க ஒன்றுமில்லை. நாகலிங்கத்தைப் போல அரிக்க இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும் என்று லூர்த்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். வாசலோரம் நின்று தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்த ஞானாம்பிகை, கேத்தலைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் மழை தூறத் தொடங்கியது. சிவப்பியை அடுப்படித் தாழ்வாரத்தில் கட்டிவிட்டு, ஞானாம்பிகை கணவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். விழாவில் மிஞ்சிய சீனி போட்டது.

“இஞ்சேருங்கோ. நாகலிங்கம் அரிச்சதுக்கு மூண்டு தரம் பாட்டுப் பாடியாச்சு. நானும் கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் இந்த வீட்டிலை மா அரிக்கிறன்.”

நமசிவாயத்துக்கு விளங்காமல் இல்லை. மனைவியின் பிட்டுக்கு ஈடான பிட்டை அவர் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. கருமுத்தின் செய்முறையே மனைவியுடையதுதான், இத்தனை விழாவில் ஒருவராவது அதைச் சொல்லவில்லையே என்பதும் அப்போதுதான் உறைத்தது. சொல்லவேண்டிய சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஞானாம்பிகை இன்னும் சேவையில் இருக்கிறார். சேவையில் உள்ளவரைப் புகழ்வதில்லை என்பது முப்பத்தைந்து வருடக் கொள்கை. அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

“சீனி ஒரு பொட்டுக் கூடிப்போச்சு” என்றார்.

ஞானாம்பிகை கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை தேத்தண்ணி வரவில்லை. நமசிவாயம் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. தாழ்வாரத்துச் சிவப்பி ஏதோ அவர்தான் பொறுப்பு என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது. தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் கொட்டில் நன்றாகத் தெரியும். நாகலிங்கத்தின் இடத்தில், சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஞானாம்பிகை அரிதட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். “அக்காவின்ரை கை பட்டவுடனை தூள் வேறை மாதிரி இருக்கு” என்று லூர்த்தம்மா சொன்னது இங்கே கேட்டது. முதல் நாள்தானே, அதனால் சொல்லியிருக்கவேண்டும்.

நமசிவாயம் கொட்டிலுக்குள் போகமுடியாதவர். தாழ்வாரத்து விளிம்பில், மழை நனைக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கூப்பிட்டார்.

“இஞ்சேரும். அப்ப அடுப்படி?”

ஞானாம்பிகையின் கை நிற்கவில்லை.

“அதிலை இருந்து விலகியிட்டன். பிரியாவிடை குடுக்கிற இடமாப் பாத்துச் சேர்ந்திருக்கிறன்.”

முன்னறிவித்தல் இன்றிச் சேவையிலிருந்து விலகியமைக்கு விளக்கம் கோரலாமா என்று நமசிவாயம் சிறிது நேரம் ஆலோசித்தார். பிறகு அடுப்பின் முன்னால் குந்தியிருந்து, ஈரவிறகை வைத்து ஊதத் தொடங்கினார். புகைதான் வந்தது. சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. அப்போது கொட்டிலில் மணி அடித்தது. நமசிவாயம் எழுந்து நின்றார்.